நுரையீரல் ரத்தக்கட்டி: குழாய் யாருக்கு, ஊசி யாருக்கு?

கொரோனா சமயத்தில் ரத்தம் எங்கோ உறைந்து கரைவதைக் காட்டும் ‘டி-டைமர்’ என்ற சொல் கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. லேப் சீட்டில் அந்த எண் கூடியிருந்தாலே, நுரையீரல் ரத்தக்கட்டியைக் குழாய் விட்டு எடுத்துவிடலாமா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

பெரும்பாலானவர்களுக்குக் குழாய் வேண்டியதில்லை. கொரோனாவில் ரத்தம் உறைந்தது பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்துச் சிறு கிளைகளிலும், அதற்கும் கீழே நுண் நாளங்களிலும்தான். எந்தக் குழாயும் அங்கே போய்ச் சேராது. ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசிதான் அவர்களுக்கு வைத்தியம். ஆனால் நுரையீரலுக்குப் போகும் பெரிய தமனியிலேயே கட்டி அடைத்து, இதயத்தின் வலது கீழறை வீங்கித் திணறுகிறவர் வேறு கணக்கு. அவரையும் தொற்றுக்குப் பயந்து குழாய் விடும் கேத் லேப் வாசலிலேயே நிறுத்துவது அநியாயம். நாளைக்கு வேறு ஒரு தொற்று வந்தாலும் இதை ஏற்க முடியாது.

பிரிப்பது இப்படி. மேல் பிரஷர் 90-க்குக் கீழே விழுந்துவிட்டால் குழாயைத் தேட நேரமில்லை. ரத்தக்கசிவு ஆபத்து இல்லாதவர் என்றால் நரம்பு வழியே கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் 100 மில்லிகிராம், இரண்டு மணி நேரத்தில். அது இல்லாத இடத்தில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், அதே இரண்டு மணி நேரத்தில். பிரஷர் நிற்கிறது, ஆனால் எக்கோவில் வலது கீழறை பெருத்திருக்கிறது, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனினும் ஏறியிருக்கிறது என்றால் ஹெபாரின் கொடுத்துக் கண்காணிக்க வேண்டும். அப்படியும் நிலை மோசமாகிறவருக்கும், கரைக்கும் மருந்தை முழு அளவில் கொடுக்க முடியாதவருக்கும்தான் குழாய்.

தொடை இடுக்குச் சிரை அல்லது கழுத்துச் சிரையில் அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி குத்தி, குழாய் நுழைய வாயாக இருக்கும் ஷீத் வைத்து, வலது இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனிக்குப் போவார்கள். நுனி சுருண்ட பிக்டெயில் குழாயாகப் போனால் நல்லது. நேர் நுனி, வால்வைப் பிடித்திருக்கும் நாண்களுக்கு நடுவே நுழைந்து சிக்கிக்கொள்ளும். கிளம்பும் முன் ஈ.சி.ஜி.யை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். இடது பண்டில் பிளாக், அதாவது இதயத்தின் இடது பக்க மின்பாதையில் தடை, ஏற்கெனவே இருக்கிறவருக்குக் குழாய் வலது பக்கத்தில் உரசினால் அந்தப் பாதையும் அடைபட்டு, இதயத் துடிப்பு நின்றே போகலாம். மின்துடிப்புக் கொடுத்து இதயத்தை இயக்கும் பேஸிங் தயாராக இல்லாமல் தொடங்கக் கூடாது.

கட்டிக்குள் பல துளைக் குழாயைப் பதித்து, குழாய்க்கு மணிக்கு 1 மில்லிகிராம் வரை ஆல்டிப்ளேஸ் சொட்டவிடுவார்கள். இரு பக்கமும் அடைப்பு என்றால் இரண்டு குழாய். 12-லிருந்து 24 மணி நேரம். மொத்த மருந்து அந்த 100 மில்லிகிராமில் கால்பங்கை ஒட்டியே நிற்கும். இந்த நேரத்தில் ஹெபாரின் மணிக்கு 500 யூனிட் போலக் குறைவாகவே ஓட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், தட்டணு, ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஃபைப்ரினோஜன் 150-க்குக் கீழே போனால் ஆல்டிப்ளேஸைப் பாதியாக்கு, 100-க்குக் கீழே போனால் நிறுத்து.

கொரோனா நோயாளியிடம் இங்கே ஒரு பொறி இருக்கிறது. அழற்சியால், ரத்தத்தை உறையவைக்கும் ஃபாக்டர் 8-உம் ஃபைப்ரினோஜனும் எகிறியிருப்பதால், ஹெபாரின் போதுமான அளவு ஓடும்போதும், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. குறைவாகவே காட்டும். அந்த எண்ணை நம்பி ஹெபாரினை ஏற்றிக்கொண்டே போனால் மூளையில் கசியும். ஹெபாரினின் வேலையை நேரடியாக அளக்கும் ஆன்டி-10-ஏ பரிசோதனை கிடைக்கும் இடத்தில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

சொட்டு வழியின் பெரிய சிக்கல் ஐ.சி.யூ. ஒரு நாள் முழுக்க ஒரு படுக்கை போய்விடும்; கவச உடையில் ஒரு நர்ஸ் மணிக்கொருமுறை ஷீத் வாயில் கசிவையும் நோயாளியின் நினைவையும் பார்க்க வேண்டும். தொடையில் ஷீத் இருந்தால் கால் மடக்கக் கூடாது, குப்புறப் படுக்க வைப்பதும் கஷ்டம். அதனால் தொற்றுக் காலத்தில், கிடைக்கிற இடத்தில், பெரிய குழாயால் கட்டியை உறிஞ்சி ஒரே அமர்வில் முடிப்பதே மேல் என்பேன். அந்தக் குழாய்கள் 24 ஃபிரெஞ்ச் வரை போகும், அதாவது 8 மில்லிமீட்டர். கட்டியோடு ரத்தமும் வெளியே போகும், விலையும் அதிகம். கிடைக்காவிட்டால் கழுத்து வழியாகச் சொட்டு.

தொற்று பரவாமலிருக்க கேத் லேபுக்குள் போகும் முன்பே வென்டிலேட்டர் குழாய் போட்டுவிடலாம் என்ற யோசனை அப்போது பரவலாக இருந்தது. மாரடைப்புக்காரருக்குச் சரிப்பட்டாலும், நுரையீரல் தமனி அடைத்தவருக்கு அது ஆபத்து. மயக்க மருந்தும் வென்டிலேட்டர் அழுத்தமும் சேர்ந்து, ஏற்கெனவே திணறும் வலது கீழறையைச் சாய்த்துவிடும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, மாஸ்க் அணிவித்து, கதவை மூடி, வேலை செய்கிறவர்கள் முழுக் கவசத்தோடு நிற்பதுதான் வழி. ஈய ஏப்ரனை முதலில் போட்டு அதன் மேல் கவுன். ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவுக்குக் காத்திருக்காமல் தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். ஊரடங்கில் எல்லைத் தடுப்பும் இ-பாஸும் அந்தத் தூரத்தை நீட்டின. ஆனால் ஹெபாரின் கடலூரிலேயே தொடங்கலாமே! சந்தேகம் வலுவாக இருந்து ரத்தக்கசிவு ஆபத்தும் இல்லையென்றால், சி.டி.க்குக் காத்திருக்காமல் கிலோவுக்கு 80 யூனிட் ஒரே ஊசியாக, பிறகு மணிக்கு கிலோவுக்கு 18. அறுபது கிலோ ஆளுக்கு முதல் ஊசி 4,800 யூனிட். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது எடை, கொடுத்த அளவு, கொடுத்த மணி, ஈ.சி.ஜி. நகல் நான்கையும் நோயாளியின் கையோடு அனுப்புங்கள். ஹெபாரின் போட்ட மணி தெரியாமல் வருகிறவருக்கு அங்கே இரண்டாவது முறை போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. அப்படிப் போட்டுவிட்டால் தொடையில் ஷீத் வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது.