சிலை செய்தவரின் பெயரையும் அந்தக் கல்லில் போடுங்கள்

பெரிய சிலை எங்கே கண்ணில் பட்டாலும் மோட்டார் சைக்கிளை ஓரமாக விட்டுவிட்டு, பீடத்தில் பதித்திருக்கும் கல்லை ஒருமுறை வாசித்துவிடுவது என் பழக்கம். திறந்துவைத்தவர் பெயர் இருக்கும், அவருடைய பதவி இருக்கும். முன்னிலை வகித்தவர்கள், உபயம் செய்த குடும்பம், அந்தக் குடும்பம் இப்போது வாழும் நாடு எல்லாம் இருக்கும். அந்த முகத்தைச் செய்தவர் யார் என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இது எனக்குப் பெரிய மனக்குறை. அதனால்தான் இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

விடுமுறை நாள் என்றால் விடிய வெளிக்கிட்டு வீதியோரச் சிலைகளைத் தேடிப் போகிறவன் நான். ஏன் மோட்டார் சைக்கிள் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். பஸ் யன்னலால் பார்த்தால் சிலையின் முழங்கால் தெரியும். காருக்குள் இருந்தால் கூரை மறைக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்குத்தான் சிலை தூரத்தில் தொடங்கி, வளர்ந்து, முழுசாக முன்னால் வந்து நிற்கும். நினைத்த இடத்தில் நிற்பாட்டலாம், திரும்பிப் போய் இன்னொரு பக்கத்தாலும் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. உயரம் என்றால் எங்களுக்குப் பனை, கோயில் கோபுரம், தண்ணீர்த் தாங்கி, இப்போது தொலைபேசிக் கோபுரங்கள். காங்கேசன்துறை வீதியால் கொக்குவில், தாவடி, இணுவில் கடந்து மருதனார்மடத்துக்குப் போங்கள். அங்கே ஆஞ்சநேயர் 72 அடி உயரத்தில் நிற்கிறார். நன்றாக வளர்ந்த பனையோடு தோள் சேர்க்கும் உயரம் அது. மலை உள்ள ஊரில் அதே சிலையை வைத்தால் மலைக்கு முன்னால் சிறுத்துப் போகும். எங்கள் தட்டை நிலத்தில் வானம் மட்டும்தான் பின்னணி, ஆகவே அது முழு உயரத்தையும் காட்டுகிறது. இந்த நிலம் பெரிய சிலைக்கு ஏற்ற நிலம் என்பது என் உறுதியான எண்ணம்.

அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்கும்போது இன்னொன்று யோசிப்பேன். கீழே நிற்கிறவன் கண்ணுக்கு மேலே இருப்பது சுருங்கித் தெரியும். அதனால் கைதேர்ந்த சிற்பி இத்தனை உயரச் சிலைக்குத் தலையையும் மார்பையும் கணக்குக்குக் கொஞ்சம் கூட்டியே வைப்பார். சாரத்தில் நின்று முகம் பூசும்போது அவருக்கு மூக்கு மட்டும்தான் முன்னால் இருக்கும், முழு உருவம் தெரியாது. மனதில் கிடக்கும் அளவை நம்பித்தான் கரண்டி பிடிக்க வேண்டும். சாந்து இறுகுவதற்குள் கண்ணும் உதடும் வந்துவிட வேண்டும். இதைச் செய்தவருக்கு அந்தக் கல்லில் ஒரு வரி கிடையாதா?

சரி, மற்றப் பக்கம் வருவோம். நல்லூர் முத்திரைச் சந்தியில் வாளோடு குதிரையில் இருக்கும் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியன் எல்லாருக்கும் தெரிந்தவர். 1974இல் வைத்த சிலை, 2011இல் புதுப்பித்தார்கள். உயரத்தில் அது மருதனார்மடத்துக்குக் கிட்டவும் வராது. ஆனால் இடம்! பக்கத்தில் மந்திரிமனை, அதே பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோப்பு வளைவு. 1619இல் போர்த்துக்கேயர் பிடித்துக்கொண்ட ஓர் அரசின் மிச்சத்துக்கு நடுவில் அந்த வாள் நிற்கிறது. சிலைக்குப் பாதி உயிரை அது நிற்கும் இடம் கொடுக்கிறது. அடிக் கணக்கு மட்டும் பார்த்துச் சிலை வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம் ஏ9 வழி. நாவற்குழியில் திருவாசக அரண்மனைக்கு ஒருமுறை போங்கள். அங்கே சிலையைவிட எழுத்துத்தான் பெரிது. திருவாசகத்தின் 658 பாடல்களும் கருங்கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் உளி பிடித்த கை ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள், வேகமாக நடந்து கடக்க மனம் வராது.

அப்புறம் சாவகச்சேரி, பளை கடந்து ஆனையிறவு. சோளகம் வீசும் மாதங்களில் அங்கே மோட்டார் சைக்கிளை நேராக வைத்திருப்பதே பாடு. இரண்டு பக்கமும் வெளி, மறைப்பு எதுவும் இல்லை, காற்று பக்கவாட்டில் தள்ளும். முன்னால் லொறி வந்தால் இன்னும் மோசம். வேகத்தைக் குறைத்து ஓடுங்கள். அந்த வெளியில்தான் கரைச்சிப் பிரதேச சபை 2023இல் 27 அடி நடராஜரை வைத்தது. ஒற்றைக்கால், தூக்கிய கால், வீசிய கை என்று எல்லாமே பாரத்தை வெளியே இழுக்கும் ஓர் உருவத்தை, காற்று ஓயாத இடத்தில் நிறுத்துவது லேசான வேலை இல்லை. அந்தக் காற்றுக்குள் நின்று அந்த ஆட்டத்தைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கிறது.

அதே ஆனையிறவில் நான்கு கைகள் இலங்கையின் வரைபடத்தைத் தூக்கிப் பிடிக்கும், இராணுவத்தின் போர் வெற்றி நினைவுச் சின்னமும் இருக்கிறது. கிளிநொச்சியில் சுவரைத் துளைத்த எறிகணையும் மேலே பூவுமாக இன்னொரு சின்னம். அவையும் வீதியோரத்துப் பெரிய உருவங்கள்தான். நான் அங்கே நிற்பதில்லை. அது யாருடைய வெற்றி என்று சொல்லி வைத்தார்களோ, அந்த வெற்றியின் கீழே என் ஆட்களும் கிடக்கிறார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

பராமரிப்பு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சிலைகளில் அநேகமானவை சீமெந்துச் சிலைகள். உள்ளே கம்பிக்கூடு, அதற்கு மேல் வலை, அதற்கு மேல் சாந்து. மூன்று பக்கமும் கடல் உள்ள குடாநாட்டில் உப்புக்காற்று நுண்ணிய வெடிப்புகளால் உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துவிடும். துருவுக்கு இரும்பைவிட இடம் கூட வேண்டும். ஆகவே அது உள்ளிருந்து தள்ளும், சாந்து பிளக்கும், பிளந்த இடத்தால் இன்னும் உப்பு போகும். சரியாகக் கழுவாத கடல்மணலைக் கலந்திருந்தால் உப்பு தொடக்கத்திலேயே உள்ளுக்குள் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் கும்பாபிஷேகம் வரும்போது வெடிப்புக்கு மேல் பெயின்ற் அடித்துவிட்டால் வெளியில் பளபளக்கும், உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். சிலையைச் செய்தவர் யார், எந்தக் கம்பி போட்டார், எத்தனை அங்குலம் சாந்து பூசினார் என்று ஓர் இடத்தில் எழுதி வைத்திருந்தால், பத்து வருடம் கழித்துத் திருத்துகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்யத் தேவையில்லை. ஆகவே பெயர் கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை.

ஒரு கோயில் வாசலில் வயதான மேசன் ஐயா ஒருவரைச் சந்தித்தேன். பக்கத்தில் நின்ற சிலையில் தானும் வேலை செய்ததாகச் சொன்னார். எந்தப் பகுதி என்று கேட்டேன். "வலக்கை முழுக்க என்ர வேலை தம்பி, விரல் மடிப்பைப் பாரும்" என்றார். பார்த்தேன். நகக்கண் வரை இழைத்திருந்தார். பெயரை எங்கேயும் போட்டார்களா என்று கேட்டதற்கு, "எங்கட பெயரை ஆர் தம்பி கேக்கிறது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். பீடத்துக் கல்லில் பதினைந்து பெயருக்குக் குறையாமல் இருந்தன.

செய்தவர் பெயர் நிலைத்த சிலைகளும் தமிழருக்கு உண்டு. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரைச் செய்தவர் கணபதி ஸ்தபதி என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி திறந்த சிலை, 2004 ஆழிப்பேரலைக்கும் அசையவில்லை. மலேசியா பத்துமலையில் 2006இல் திறந்த 140 அடி முருகனைச் செய்தவர் திருவாரூர் தியாகராஜன். பெயர் தெரிந்தபடியால்தான், சேலம் பக்கம் அதைவிட உயரமாக 146 அடியில் முருகன் வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு யாரைத் தேடிப் போவது என்று தெரிந்திருந்தது. 2022இல் அதுவும் எழும்பிவிட்டது. எங்கள் சிற்பிக்கும் மேசனுக்கும் அடுத்த வேலை அப்படித் தேடி வர வேண்டாமா?

கோயில் பரிபாலன சபைகளிலும் பிரதேச சபைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இருப்பவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். புதிதாக ஒரு சிலை வைக்கும்போது அந்தக் கல்லில் சிற்பியின் பெயர், அவருடன் வேலை செய்தவர்களின் பெயர், ஊர், தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு, உயரம் எல்லாம் வரட்டும். திறந்துவைத்தவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அதற்கு மேலே இவர்கள் பெயரைப் போடச் சொல்கிறேன். ஏற்கெனவே இருக்கும் சிலைகளுக்கு ஒரு சிறு கல் கூடுதலாகப் பதிக்கலாம், பெரிய செலவு ஒன்றும் இல்லை. வேலை செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். உங்கள் ஊர்ச் சிலையில் கைவைத்தவர்களை உங்களுக்குத் தெரியுமென்றால், அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு எனக்கும் சொல்லுங்கள். அடுத்த ஓட்டம் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிப் பக்கம், குறிப்புக் கொப்பியும் கொண்டுதான் போகிறேன்.