அடகுக்கடைக்காரருக்கு எதற்கு நன்றி?

நைஜீரியாவில் திருடி வெளிநாட்டு வங்கிகளில் பதுக்கிய பணத்தை அந்த நாடுகள் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நான் எழுதிய திங்கட்கிழமைப் பதிவின் கீழ் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். திரும்ப விவரிக்கப் போவதில்லை. "கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி சொல்லத் தெரியாதவர்கள்" என்று அண்ணன் பின்னூட்டத்தில் எழுதினாரே, அந்த ஒரு வரிதான் மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதற்கு நூற்றுக்கு மேல் விருப்பக்குறிகள். போட்டவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். இருக்கட்டும்.

கொடுத்தவர்கள் என்றால் யார்? எதைக் கொடுத்தார்கள்?

ராணுவ ஜெனரல் சானி அபாச்சா 1993 நவம்பரில் நைஜீரியாவின் ஆட்சியைப் பிடித்தார், 1998 ஜூனில் இறந்துபோனார். முழுதாக ஐந்து வருடம்கூட இல்லை. நாட்டின் பாதுகாப்புக்கு அவசரத் தேவை என்று ஒரு கடிதம் போகும், மத்திய வங்கியிலிருந்து பணம் வெளியே வரும். பல தடவை ரொக்கமாகவே வந்தது. இப்படிப் போனது பல நூறு கோடி டாலர். அவ்வளவு பணத்தை யாரும் மெத்தைக்கு அடியில் வைக்க முடியாது. சுவிட்சர்லாந்து, லண்டன், லக்ஸம்பர்க், லீக்டன்ஸ்டைன், ஜெர்சித் தீவு என்று கோட்டு சூட்டு போட்டவர்கள் உட்கார்ந்திருக்கும் இடங்களுக்குத்தான் அது போயிற்று. ஒரு ராணுவ ஆட்சியாளரின் மகன்களுக்கு இத்தனை கோடி எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய நாற்காலியில் இருந்தவர்கள் கேட்கவில்லை. கணக்கைத் திறந்தார்கள், கட்டணத்தை எடுத்துக்கொண்டார்கள்.

2001-இல் பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்துச் சொன்னது இது: அபாச்சா தொடர்புடைய பணம் 1996 முதல் 2000 வரை 130 கோடி டாலர், அந்த நாட்டின் 23 வங்கிகளின் வழியாக ஓடியிருக்கிறது. அவற்றில் 15 வங்கிகளின் கட்டுப்பாடுகளில் ஓட்டை. சரி, அந்த வங்கிகளின் பெயர்? வெளியிடவில்லை. திருடனின் பெயர் உலகத்துக்கே தெரியும். திருட்டுப் பொருளை வாங்கி வைத்தவர்களின் பெயர் மட்டும் ரகசியம். இவர்களுக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டுமாம்.

இந்த இடத்தில் என் அம்மாவின் சங்கிலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய நண்பர்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவிலிலிருந்து திரும்பும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து பவுன். கழுத்தில் காயம் ஆற ஒரு மாதம் ஆயிற்று. எட்டு மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து தொலைபேசி வந்தது. ஆளைப் பிடித்துவிட்டார்கள், நகை பக்கத்து ஊர் அடகுக்கடையில் இருந்ததாம். ஓடினோம். அங்கே மேஜையில் இருந்தது சங்கிலி இல்லை, உருக்கிய கட்டி. கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "நான் கொடுத்த பணத்துக்கு யார் பதில் சொல்வது?" என்று அவர்தான் சத்தம் போட்டார். அம்மா நின்றுகொண்டிருந்தார்.

பிறகு கோர்ட்டில் மனு. நகை வாங்கிய ரசீது எங்கே என்று கேட்டார்கள். 1978-இல் தாத்தா வாங்கிப் போட்ட நகைக்கு ரசீதை எங்கே தேடுவது? கல்யாணப் புகைப்படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். வக்கீல் செலவு, வாய்தா, மறுபடியும் வாய்தா. எல்லாம் முடிந்து ஒரு நாள் மண்டபத்தில் விழா வைத்து, மேடையில் ஏற்றி, அதிகாரி கையால் கொடுத்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். "இனிமேல் இவ்வளவு நகை போட்டுக்கொண்டு வெளியே வராதீர்கள் அம்மா" என்று மைக்கிலேயே புத்தி சொன்னார் அதிகாரி. கூட்டம் கைதட்டியது. அடுத்து மைக்கை அம்மாவிடம் நீட்டி, நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னார். (அலைந்து திரிந்து திருடனைப் பிடித்த ஏட்டையா நல்ல மனிதர், அவருக்கு நாங்கள் தனியாக நன்றி சொன்னோம். அது வேறு.)

நைஜீரியாவுக்கு நடந்ததும் இந்த மண்டப விழாதான். 1999-இல் சுவிட்சர்லாந்திடம் மனுப் போட்டார்கள். 2005-இல் ஸ்விஸ் உச்ச நீதிமன்றமே அபாச்சா குடும்பத்தை ஒரு குற்றக்கும்பல் என்று சொல்லித்தான் பெரும்பகுதிப் பணத்தை விடுவித்தது. 2017-இல் இன்னொரு 32 கோடி டாலருக்கு ஒப்பந்தம், உலக வங்கி கூடவே நின்று பார்க்கும் என்ற நிபந்தனையோடு. 2020-இல் ஜெர்சியில் இருந்த பணம், அமெரிக்காவும் சேர்ந்து மூன்று தரப்பு ஒப்பந்தம், 31 கோடி டாலருக்குச் சற்று மேல். இந்தப் பாலத்துக்கும் இந்தச் சாலைகளுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும், தணிக்கையாளர் வருவார், மறுபடி களவு போனால் நைஜீரியாவே அந்தத் தொகையை ஈடுகட்ட வேண்டும். இனிமேல் நகை போட்டுக்கொண்டு வெளியே வராதீர்கள் அம்மா.

"நிபந்தனை போடாவிட்டால் மறுபடியும் திருடுவார்களே" என்று கேட்பீர்கள், தெரியும். முதலில் வந்த பணம் செலவான விதத்தில் குறைகள் இருந்தன. அதை முதலில் கேள்வி கேட்டவர்களில் நைஜீரியாவின் சொந்த மக்கள் அமைப்புகளும் உண்டு. கண்காணிப்பு வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? 2017 ஒப்பந்தப் பணம் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 5,000 நைரா என்று போனது, நல்ல விஷயம்தான். ஆனால் கண்காணிப்பு ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன்? பணத்தை வாங்கி வைத்த வங்கிக்கு எந்தத் தணிக்கையாளர் வந்தார்? அந்த வருடங்களில் எடுத்த கட்டணத்தை யார் ஈடுகட்டினார்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு எனக்கு நன்றியைப் பற்றிப் பாடம் எடுங்கள்.

"சட்டம் என்றால் நேரம் ஆகத்தான் செய்யும்" என்று இன்னொருவர். ஆகட்டும். சர்வாதிகாரி மார்க்கோஸ் 1986-இல் பிலிப்பைன்ஸை விட்டு ஓடினார், அடுத்த மாதமே சுவிட்சர்லாந்து கணக்குகளை முடக்கியது. அந்த 65 கோடிச் சொச்சம் டாலர் அரசுக்குச் சொந்தம் என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2003-இல். பதினேழு வருடம். அந்தப் பணத்திலிருந்து, சித்திரவதைப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் வந்தது 2013-இல். அதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடினார்களோ. காங்கோவை ஆண்ட சர்வாதிகாரி மொபுட்டுவின் கதை இன்னும் அழகு. 2009-இல் 77 லட்சம் ஃபிராங்க் ஸ்விஸ் வங்கியிலிருந்து முடக்கம் நீங்கி, அவருடைய குடும்பத்துக்கே போகும்படி ஆனது. காங்கோ மக்களுக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வெட்கப்பட்டுச் சட்டத்தை மாற்றினார்கள், 2011-இல் அமலுக்கு வந்தது. மற்ற நாடுகளைவிட சுவிட்சர்லாந்து அதிகம் திருப்பியிருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு பின்னூட்டம் வரும்.

"முதலில் நம் ஊர் ஊழலைப் பேசு" என்பவர்களுக்கு: பேசியிருக்கிறேன், அப்போது நீங்கள் வரவில்லை.

ஐ.நா.வின் ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை 2003-இல் ஏற்கப்பட்டது. சொத்தைத் திருப்பித் தருவது அதன் அடிப்படைக் கொள்கை என்று 51-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. கொள்கை, அண்ணா. தர்மம் இல்லை, நன்கொடை இல்லை. லாகோஸில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது. இருபது வருடம் கழித்து வந்தால், நடுவில் செத்தவர்களுக்கு அது வந்ததாகவே கணக்கில்லை.

அண்ணா, உங்கள் வரி என்னை ஏன் இவ்வளவு சுட்டது என்று மற்றவர்களுக்குப் புரியாது. முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை. அதைவிட, அன்று கோர்ட்டுக்கு என்னோடு வந்தது நீங்கள்தான். வக்கீலைப் பிடித்துக் கொடுத்ததும் நீங்கள்தான். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மாவிடம் மைக்கை நீட்டியபோது, "நம் பொருளை நாம் வாங்குவதற்குக் கும்பிடு வேறு போட வேண்டுமா?" என்று என் காதில் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை.

அந்தக் கட்டி இன்னும் லாக்கரில்தான் இருக்கிறது. சங்கிலியாக அடித்துத் தருகிறேன் என்று எத்தனை முறை கேட்டும் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். நேற்று உங்கள் பின்னூட்டத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவனா எழுதினான்?" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பின்னூட்டத்தை நான் நீக்கப் போவதில்லை. நீங்களும் நீக்க வேண்டாம்.