அம்மாவின் பிறந்த தேதி

"ஊர்ல அப்பா அம்மா இருக்காங்க, எனக்கு கிளியரன்ஸ் கிடைக்குமா?" அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, இங்கே பாதுகாப்புத் துறை வேலைக்கு முயலும் நம்ம பசங்க மாசத்துக்கு ஒருத்தராவது இன்பாக்ஸில் கேட்கிறார்கள். அரசு ரகசியங்களைக் கையாளத் தரும் அனுமதிதான் கிளியரன்ஸ். கிடைக்கலாம். எனக்குக் கிடைத்தது.

அதற்கு விண்ணப்பிக்க எஸ்எஃப்-86 என்று ஒரு படிவம், நூறு பக்கம் தாண்டும். அதை நிரப்ப உட்கார்ந்த ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, "உன் பிறந்த தேதி என்னம்மா?" என்றேன். "சர்டிபிகேட்ல இருக்கறதா, நெசமானதா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஆடி மாசம் கோயில் கொடை முடிந்த மறுநாள் என்பது இன்னொன்று. பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுதி, குறிப்புப் பெட்டியில் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அப்பா அரசு ஆரம்பப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்தப் படிவத்தின் கணக்கில் அவர் அந்நிய அரசின் ஊழியர்! சிரித்துக்கொண்டே அதையும் எழுதினேன்.

பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியாரோடு இது முடிவதில்லை. கடந்த ஏழு வருஷத்தில் பாசம், செல்வாக்கு, பொது ஈடுபாடு, கடமை இவற்றால் நெருக்கமாக இருந்த வெளிநாட்டவர் எல்லோரையும் எழுதச் சொல்கிறது. நம்ம ஊரில் இந்த நாலும் இல்லாத சொந்தக்காரன் யார்? சித்தப்பா பையனை அண்ணன் என்றே கூப்பிட்டு வளர்ந்தவன் நான். ஊரில் யாருக்காவது பண உதவி செய்ததுண்டா என்று தனியாக ஒரு கேள்வி வேறு.

என் நண்பன் ஒருவன் அங்கேதான் வழுக்கினான். அத்தை மகள் காலேஜ் பீஸுக்கு அனுப்பிய பணத்தை 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று விட்டுவிட்டான். நேர்காணலில் அது வெளியே வந்தது. அத்தை மகளால் யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் கேள்வி அவன் நேர்மை மேல் திரும்பிவிட்டது. அதற்கு விளக்கம் எழுதியே பல மாசம் போனது.

கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவுசெய்ய 2017 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள 13 நெறிகளில் 'பி' என்பதுதான் அந்நியச் செல்வாக்கு பற்றியது. உன் ஆட்களை வைத்து உன்னை மடக்க முடியுமா என்பதே அதன் கேள்வி. சொந்தக்காரர் எந்த நாட்டில், என்ன வேலையில் இருக்கிறார், உனக்கு இங்கே எவ்வளவு வேர் என்று எடை போடுவார்கள். நட்பு நாடு என்றால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 1985இல் பிடிபட்ட அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவு ஊழியர் ஜோனதன் பொல்லார்ட் வேவு பார்த்தது இஸ்ரேலுக்கு. கிளியரன்ஸ் யாருடைய உரிமையும் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. சந்தேகம் என்று வந்தால் நாட்டுக்குச் சாதகமாகத்தான் முடிப்பார்கள். ரகசியம் அவர்களுடையது, கேட்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை.

கடுப்பு வேறு இடத்தில். டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர் இதே படிவத்தில் வெளிநாட்டுத் தொடர்புகளை விட்டுவிட்டு, பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருத்திக் கொடுத்தார். நடுவில் தற்காலிக அனுமதியின் தரத்தைக் குறைத்தார்கள்தான், ஆனால் 2018இல் நிரந்தர அனுமதியே வந்துவிட்டது. என் நண்பனுக்கு மாமனார் வெள்ளை மாளிகையில் இல்லை.

கிடைத்த பிறகும் விடாது. சொந்த வேலையாக வெளிநாடு போவதென்றாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இந்த வருஷக் கொடைக்கு ஊருக்கு வருகிறேன் என்பதை முதலில் ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்கு அதற்கப்புறம்தான் போன் போட்டேன்.