மூன்று போதும் என்றால் நான் கொடுங்கோலனா?

சனிக்கிழமை நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். முழுக்கதையை மறுபடி சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு எங்களுடையது; ஒரு போனஸ் புள்ளியைக் கொடுத்தால் பகடையை மறுபடி உருட்டலாம். அன்று ஆட்டம் முடிந்து பகடைகளைப் பையில் போடும்போது, "இனி போனஸ் புள்ளிகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்வோம், ஆளுக்கு மூன்று" என்றேன். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் நான் கொடுங்கோலன், பிறர் சொத்தைப் பறிப்பவன்.

சொத்தாம்! கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவனாக, உட்கார்ந்து அந்தப் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தவனே நான்தான்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. செலவழிப்பதற்கென்று கொடுக்கும் புள்ளிக்கு வரம்பு இல்லாவிட்டால் யாரும் அதைச் செலவழிப்பதில்லை. சேர்த்து வைக்கிறார்கள். துணிச்சலாக ஆடியதற்குக் கொடுத்த பரிசு, கடைசியில் கருமித்தனத்துக்குக் கிடைத்த பரிசாகிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழவேண்டும் என்றால் வாய்ப்பு 50 சதவீதம். ஒரு புள்ளி கொடுத்து மறுபடி உருட்டினால் 75. இரண்டாவது புள்ளிக்கு 87.5. மூன்றாவதற்கு 93.75. பதினோரு புள்ளிகளை மடியில் கட்டிக்கொண்டு வருபவருக்குப் பகடை எதற்கு? பேசாமல் "நான் வென்றுவிட்டேன்" என்று அறிவித்துவிட்டுப் போகலாம்.

அன்று அதுதான் நடந்தது. ஏழு வாரமாக ஒரு மணியைக்கூடத் தொடாமல் வைத்திருந்த நண்பர் (எங்கள் மேசையில் ஒரு கண்ணாடி மணிதான் ஒரு புள்ளி) மொத்தத்தையும் இரண்டே சுற்றுகளில் இறைத்தார். தவறிய அடியை மறுபடி உருட்டினார். அடி எவ்வளவு பலம் என்று சொல்லும் சேதப் பகடை குறைவாக விழுந்தால் அதையும் உருட்டினார். அரக்கன் விழுந்தான். அவர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை என்பதை அவர் கவனித்தாரா, தெரியாது. வில்லாளியாக ஆடும் தோழி அங்கிருந்த கயிற்றுப் பாலத்தை அறுத்து அரக்கனைப் பள்ளத்தில் தள்ள நோட்டில் படமே வரைந்து வைத்திருந்தார். அதற்கு அவருக்கு வாய்ப்பே வரவில்லை. பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்து, நோட்டையும் மூடினார். நான் பார்த்தது அதைத்தான்.

வரம்பு என்பது ஏதோ நான் இரவோடிரவாகக் கண்டுபிடித்த கொடுமை போலப் பேசுகிறார்கள். இதே வகை விளையாட்டுகளைப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் 'இன்ஸ்பிரேஷன்' என்ற போனஸ் ஒன்று உங்களிடம் இருக்கும், அல்லது இருக்காது, இரண்டு கிடையாது. பாத்ஃபைண்டரின் 2019 பதிப்பில் ஒரு ஹீரோ பாயிண்டோடு தொடங்குவீர்கள், மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, அன்றைய ஆட்டம் முடிந்தால் மிச்சம் காலி. சேவேஜ் வேர்ல்ட்ஸிலும் மிச்சத்தை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோக முடியாது. இவற்றை எழுதியவர்கள் எல்லோரும் கொடுங்கோலர்களா?

"ஃபேட் விளையாட்டில் மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமே" என்றார் ஒருவர். வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஆட்டத்தின் நடுவே புள்ளி சேரவேண்டுமென்றால் பெரும்பாலும் உங்கள் கதாபாத்திரத்தின் குறையால் வரும் சிக்கலை நீங்கள் ஏற்கவேண்டும். ஆபத்து வந்தாலே கதவுக்குப் பின்னால் பதுங்குகிறவர் ஃபேட்டை உதாரணம் காட்டுவது வேடிக்கை.

"அரக்கனை இன்னும் பலமாக்கியிருக்கலாமே" என்பார்கள். ஆக்கலாம். அப்போது புள்ளியை ஒழுங்காகச் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவர்கள்தான் முதலில் சாவார்கள். சேர்த்தவருக்கு அப்போதும் ஒன்றும் ஆகாது.

"வாராவாரம் தொடரும் ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றலாமா?" சரி, மாற்றக் கூடாதுதான். ஆனால் எல்லோரும் எழுந்து போன பிறகு மாற்றி என்ன பயன்?

சேர்த்து வைக்கும் ஆசை எனக்குத் தெரியாதது அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழுவில் திருடனாக ஆடினேன். ஒன்பது மணிகள். இரண்டிரண்டாக அடுக்கி, ஒற்றை மணியை மேலே வைத்து அழகு பார்ப்பேன். ஒருநாள் சிலந்தியின் விஷத்தில் எங்கள் மருத்துவர் சாய்ந்தார். அந்த மேசையில் புள்ளியை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அவர் ஒன்றும் கேட்கவில்லை, என் மணிகளைப் பார்த்தார். நான் கையால் மூடிக்கொண்டேன். "பெரிய சண்டைக்கு வேண்டும்" என்றேன். மருத்துவர் செத்தார். அடுத்த மாதம் ஆளாளுக்கு ஒரு பக்கம் போனோம். ஆட்டம் அத்தோடு நின்றது. பெரிய சண்டை வரவேயில்லை. அந்த ஒன்பதும் இன்னும் என் மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பாவில் கிடக்கின்றன.

அதனால்தான் சொல்கிறேன், மூன்று. மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது வருவதற்குள் ஒன்றைச் செலவழியுங்கள். யாருக்காவது கொடுங்கள். பூட்டை உடைக்க, குதிரையைத் தாவவைக்க, அரசனிடம் துணிந்து ஒரு பொய் சொல்ல, எதற்காவது!

இன்னொன்று. வாராவாரம் நான்கு மணி நேரம் உட்கார்ந்து வரைபடம் போடுபவனுக்கு எத்தனை புள்ளி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்த அரக்கனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். இளவரசியின் தொலைந்துபோன அண்ணன் அவன். மூன்றாம் சுற்றில் அவன் வாயாலேயே சொல்லவைக்க நினைத்திருந்தேன். மூன்றாம் சுற்றுதான் வரவில்லையே. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? "ஒரு விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா" என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதே விளையாட்டுக்குத்தானே என்னை அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசினீர்கள்?

வரும் சனிக்கிழமை மேசையில் ஆளுக்கு மூன்று மணிகள் இருக்கும். வருபவர்கள் வரலாம். வில்லாளி கட்டாயம் வரவேண்டும், நோட்டோடு. அந்தக் கயிற்றுப் பாலத்தை நான் வரைபடத்திலிருந்து இன்னும் அழிக்கவில்லை.