சட்டத்தில் இருக்கிற லேசர் மருத்துவமனையில் எங்கே?

2019-ல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. திருநர் சமூகமே தெருவில் இறங்கி எதிர்த்த சட்டம் அது. ஆனாலும் அதன் 15வது பிரிவில் உருப்படியான ஒரு வரி உண்டு. பாலின மாற்று அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை இவற்றுக்கான செலவைக் காப்பீட்டில் கொண்டுவர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. லேசர் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரியில். இன்றைக்கும் தாடி முடியை லேசரில் எடுக்க என் டேபிளில் வந்து படுக்கிற திருநங்கைகள் எல்லோரும் கைக்காசைக் கட்டித்தான் வருகிறார்கள்.

நான் கோவையில் ஒரு தோல் கிளினிக்கில் லேசர் மிஷின் இயக்குகிறவள். டாக்டர் இல்லை. ஆனால் முகத்தில் முடி இருப்பது ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தும் என்பதை மிகப் பக்கத்திலிருந்து பார்ப்பதே என் வேலை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஹார்மோன் மாத்திரை எடுத்தால் தாடி தானாகக் கொட்டிவிடும் என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். கொட்டாது. பதின்ம வயதில் டெஸ்டோஸ்டிரோன் பூனைமுடியைத் தடித்த முடியாக மாற்றிவிட்டால், பிறகு அந்த ஹார்மோனை அடக்கினாலும் தாடியின் வேர் பழையபடி ஆகாது. ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்களுக்குக் கை கால் முடி மெலியும், தோல் மிருதுவாகும், மார்பு வளரும். தாடி கொஞ்சம் மெதுவாக வளரலாம், அவ்வளவுதான். இத்தனை மாற்றம் நடந்த பிறகும் காலையில் கண்ணாடியில் முதலில் தெரிவது அதுதான். காலையில் எவ்வளவு ஒட்ட ஷேவ் செய்தாலும் சாயங்காலம் தாடையில் சாம்பல் பச்சையாக நிழல் விழுந்துவிடும்.

அந்த நிழலை மறைக்க முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூச்சு, அதன் மேல் பவுண்டேஷன், அதன் மேல் பவுடர். பேருந்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் "ஏன் இவங்க இவ்வளவு மேக்கப் அப்பிக்கிறாங்க" என்று சிரிக்கிறாரே, அந்த மேக்கப்பின் அடியில் இருப்பது இதுதான். வாடகை வீடு கேட்கப் போகும்போதும் வேலைக்கான நேர்காணலிலும் எதிரில் இருப்பவரின் பார்வை அவர்கள் மோவாயில் நின்றுவிட்டுத்தான் கண்ணுக்கு வருகிறது. அறுவை சிகிச்சை ஆனதா இல்லையா என்பது ஊருக்குத் தெரியாது. தாடி ஊருக்கே தெரியும்.

சரி, இதைப் பக்கத்து அறை நோயாளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்கள் மோவாய் முடிக்காக எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள். அம்மா கூட வருவார். டாக்டர் உட்காரவைத்து, ஹார்மோன் கோளாறும்மா, பயப்படாதே என்று சொல்லி ரத்தப் பரிசோதனை எழுதுவார். யாரும் அதை ஆடம்பரம் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஆண்ட்ரோஜன் தடிக்கவைத்த அதே வேர், அதே மிஷின், அதே வலி. படுத்திருப்பது திருநங்கை என்றால் மட்டும் இது அழகு சிகிச்சை ஆகிவிடுகிறது. திருநர் நலத்துக்கான உலக மருத்துவ அமைப்பான டபிள்யூபாத் 2022-ல் வெளியிட்ட எட்டாவது வழிகாட்டு நெறிகளில் முக, உடல் முடி நீக்கத்தையும் மருத்துவத் தேவைகளில்தான் வைத்திருக்கிறது. நம் சட்டத்தின் 15வது பிரிவும் மருத்துவக் கையேட்டை இந்த அமைப்பின் நெறிகளின்படி தயாரிக்கச் சொல்கிறது.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் காசில்லாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது புரியும். முடியில் இருக்கும் கருநிறத்தை ஒளி தேடிப் பிடிக்கும். அங்கே சூடு ஏறி வேர் கருகும். ஆனால் நம் தோலிலும் அதே கருநிறம்தான் இருக்கிறது. அதனால் கருத்த, மாநிறத் தோலுக்கு ஆழம் போகிற 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர்தான் பாதுகாப்பு. மலிவு என்று சில பார்லர்களில் ஐபிஎல் என்கிற, லேசர் அல்லாத பளிச்சொளி மிஷினைக் கன்னத்தில் வைத்துவிடுகிறார்கள். வெந்து, கொப்பளித்து, கட்டம் கட்டமாகக் கருத்துப்போன கன்னத்தோடு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. போதாத சக்தியில் அரைகுறையாகச் சுட்டால் முடி கூடுதலாக முளைப்பதும் உண்டு.

ஒரு சிட்டிங்கில் முடிகிற காரியமும் இல்லை. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. அந்த நேரம் வளர்ச்சியில் இருக்கும் வேர்மேல்தான் லேசர் எடுபடும். ஆகவே நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, எட்டு, பத்து தடவை, சிலருக்கு அதற்கும் மேல். ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில். நடுவில் பணம் இல்லாமல் நின்றுவிட்டால் தூங்கிக்கொண்டிருந்த வேர்கள் எழுந்து, கட்டின பணத்தில் பாதி வீணாகிவிடும். அப்படிப் பாதியில் நின்றவர்கள் பலரைத் தெரியும்.

நிறையப் பேர் சின்ன வயதிலிருந்தே சிம்டா என்கிற சின்ன இடுக்கியால் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கியவர்கள். ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் குழுவில், பெரியவர்கள் கற்றுக்கொடுத்த வழி அது. ஷேவ் செய்தால் நிழல் தெரியும், பிடுங்கினால் சில நாளாவது முகம் சுத்தமாக இருக்கும். பூதக்கண்ணாடி விளக்கில் பார்க்கும்போது அந்தத் தோலின் கதை அப்படியே தெரியும். மோவாய்க்கு அடியில் குழிகள், சீழ் பிடித்து ஆறிய கரும்புள்ளிகள், தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும் முடிகள். வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இனி சிம்டாவைத் தொடாதீங்க, ஷேவ் மட்டும் பண்ணுங்க என்பதுதான். வேர் இருந்தால்தானே லேசர் சுட முடியும். பிடுங்கின வேர் மறுபடி முளைக்கும்வரை காத்திருக்கும் அந்தச் சில வாரங்கள் அவர்களுக்கு எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரிந்தேதான் சொல்கிறேன்.

கண்ணை மறைக்கும் கவசத்தைப் போட்டு, ஜெல் தடவி ஆரம்பித்தால் ஒவ்வொரு ஷாட்டும் கடுகு தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தாற்போல இருக்கும். அறை முழுக்கக் கருகிய முடி வாசம். "அக்கா, மேல் உதட்டைக் கடைசியாப் பண்ணுங்க" என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொள்வாள். அங்கேதான் வலி உச்சம். கண்ணீர் தானாக வழியும். ஆனாலும் நிறுத்தச் சொன்னதே இல்லை. சும்மா அழகுக்காக இவ்வளவு தாங்க வேண்டிய அவசியம் யாருக்கு?

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று. வெள்ளை முடியில் லேசர் எடுபடாது. கருநிறம் இல்லாத முடியை ஒளியால் கண்டுபிடிக்க முடியாது. கடை கடையாகக் காசு கேட்டும், வீட்டு வேலை பார்த்தும், சமையல் காண்ட்ராக்ட் எடுத்தும் காசு சேர்த்து நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் வருகிற அக்காக்களின் தாடியில் பாதி நரைத்திருக்கும். நான் என்ன பதில் சொல்வது? அவர்களுக்கு மிச்சம் இருப்பது எலக்ட்ராலிசிஸ்தான். ஒவ்வொரு வேரிலும் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரத்தால் சுடுவது. 1875-லேயே, கண்ணுக்குள் குத்தும் இமை முடியை எடுக்க ஒரு அமெரிக்கக் கண் மருத்துவர் தொடங்கிவைத்த முறை. முடியின் நிறம் எதுவானாலும் எடுபடும், நிரந்தரமும் கூட. ஆனால் ஒவ்வொரு முடியாக முழு முகத்தையும் முடிக்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். ஊசி போடுகிறவருக்கு முடி கண்ணில் பட வேண்டும் என்பதால், ஒவ்வொரு தடவையும் சில நாள் ஷேவ் செய்யாமல் தாடியோடு இருக்க வேண்டும். புடவை கட்டி வேலைக்குப் போகும் ஒரு பெண் அதை எப்படிச் செய்வாள்? தவிர, அதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊர்ப்பக்கம் அரிது. காலத்தில் கிடைத்திருந்தால் லேசரிலேயே பெரும்பகுதி முடிந்திருக்கும்.

முகத்தோடு இது நிற்பதும் இல்லை. ஆணுறுப்புத் தோலை உள்ளே மடித்துப் பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை சிகிச்சையில், அந்தத் தோலில் இருக்கும் முடியை முன்கூட்டியே எடுக்காவிட்டால் அது உள்ளே முளைக்கும். பிறகு அங்கே போய் எடுப்பது பெரும்பாடு. முடி சேர்ந்து கட்டியாகும், தொற்று வரும். திருநம்பிகளுக்கு முன்கைத் தோலில் சிறுநீர்ப் பாதை அமைப்பதாக இருந்தாலும் அப்படித்தான். உள்ளே முடி வளர்ந்தால் கல் சேரும், பாதை அடைக்கும். அறுவை சிகிச்சையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு முந்தைய படியை அவரவர் பாடு என்று விடுவது என்ன கணக்கு?

தனியாரில் காசு கொடுத்தாலும் மரியாதை வருவதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளினிக்கில் திருநங்கைகளுக்குக் கடைசி நேரம்தான் கொடுப்பார்கள், மற்ற கஸ்டமர்கள் போன பிறகு. அடையாள அட்டையில் பெண் பெயர் இருக்கும். பில்லில் ஆண்களுக்கான தாடி ரேட் போட்டு, பெயருக்கு முன்னால் "மிஸ்டர்" என்று அடித்துக் கொடுப்பார்கள். கவுன்டரில் நின்று அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போவார்கள்.

எல்லாத் திருநங்கைக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாடியோடு நிம்மதியாக இருப்பவர்களும் பெண்கள்தான். கேட்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறேன். தமிழ்நாடு 2008-லேயே நாட்டில் முதலாவதாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் பாலின வழிகாட்டு கிளினிக் நடக்கிறது. 2022-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் திருநருக்கென வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு அறிவித்தார்கள். ஆனால் ஆயுஷ்மான் பாரத்தின் அடிப்படையே மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைதான். லேசரோ அரை மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போகிற வெளிநோயாளி சிகிச்சை. அதனால் பத்து சிட்டிங்கையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் காப்பீட்டில் எழுதுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவில் என்டி யாக் மிஷினை வையுங்கள், இயக்க ஆளுக்குப் பயிற்சி கொடுங்கள், வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் திறந்து வையுங்கள். பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். எனக்குத் தெரிந்த இன்னும் சில டெக்னீஷியன்களும் வருவார்கள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.