வாங்கிய அலைக்கற்றையைச் சும்மா வைத்திருக்க யார் அனுமதித்தது?

செல்போன் சிக்னலைச் சுமந்துவரும் ரேடியோ அலைகள்தான் அலைக்கற்றை. அந்தப் பேரைக் கேட்டாலே நமக்கு, அரசு அதைக் கம்பெனிகளுக்கு விடுகிற ஏலமும், 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததும்தான் ஞாபகம் வரும். எவ்வளவுக்கு விற்றார்கள் என்று பேசாதவர் கிடையாது. விற்ற பிறகு எந்த ஊரில் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை.

2022 ஏலத்தில் 51,236 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்குப் போனது. அலைக்கற்றை விற்க நாட்டை 22 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒவ்வொன்றும் ஒரு சர்க்கிள். சென்னை, புதுச்சேரியைச் சேர்த்துத் தமிழ்நாடு முழுக்க ஒரே சர்க்கிள். ஒரு கம்பெனி வாங்கிவிட்டால் தி.நகரிலும் கல்வராயன் மலையிலும் 20 வருடத்துக்கு அது அவர்களுடையது. தி.நகரில் தெருவுக்குத் தெரு டவர் நிற்கும். மலையூர் ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு விற்பனையாளர் மேட்டுக்கு ஏறுவார். பின்னாலேயே அரிசிப் பையோடு கிழவிகளும் ஏறுவார்கள். சிக்னல் வந்தால்தான் பில்.

பகிர்ந்துகொள்ள விதியே இல்லையா என்றால், இருக்கிறது. 2015-இல் போட்டார்கள். விற்பதென்றால் முழு சர்க்கிளுக்கும் விற்க வேண்டும்; ஒரு மாவட்டத்தை மட்டும் பிரித்துக் கொடுக்க முடியாது. பகிர்வதென்றால் இரண்டு பேரிடமும் ஒரே பேண்டில், அதாவது ஒரே அலைவரிசைத் தொகுப்பில், அலைக்கற்றை இருக்க வேண்டும். அப்புறம் ஒரு தாலுகாவில் நெட் கொடுக்க நினைக்கும் சின்ன ஆபரேட்டர் எப்படி உள்ளே வருவார்?

அமெரிக்காவில் உரிமத்தைப் பகுதி வாரியாகவும் அலைவரிசை வாரியாகவும் பிரித்து விற்கலாம், குத்தகைக்கும் விடலாம். கிராமப்புறத்துக்கோ சிறு நிறுவனத்துக்கோ பழங்குடிகளுக்கோ கொடுத்தால் உரிமக் காலத்தை 5 வருடம் நீட்டித்துத் தருகிற திட்டத்தை 2022-இல் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில், பெரிய கம்பெனி ஒரு இடத்தில் பயன்படுத்தாத அலைக்கற்றைக்கு வேறொருவர் விண்ணப்பிக்கலாம். 3 வருடத்துக்குக் கட்டணம் 950 பவுண்ட், அவ்வளவுதான்.

கோடி கோடியாகக் கொட்டியவர்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பார்கள். சும்மா கிடக்கிற நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் நிலக்காரருக்கும் வருமானம்தானே? அதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022-இல் மத்திய அரசு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. பி.எஸ்.என்.எல். மூலம் டவர் வைக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்த ஊர்களின் வானத்தையும் சேர்த்துத்தான் தனியார் கம்பெனிகள் ஏலத்தில் எடுத்திருக்கின்றன. அவர்கள் பயன்படுத்தாமல் விட்டதற்கு நம் வரிப்பணம் போகிறது.

2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு அலைக்கற்றையைப் பகிரவும் குத்தகைக்கு விடவும் இடம் தருகிறது. போதிய காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், விளக்கம் கேட்டுவிட்டு, முழுசாகவோ ஒரு பகுதியையோ அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. சரி, ஒரு பகுதி என்பதைத் தாலுகா அளவுக்குக் கொண்டுவாருங்கள். எந்தத் தாலுகாவில் எந்த பேண்ட் ஓடுகிறது என்று பொதுவில் வெளியிடுங்கள். நம் எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்தப் பட்டியல் எங்கே என்பதுதான்.