லவோதிக்கேயா கடிதம் யாருக்கு எழுதியது?

மேலே ஒரு அண்ணன், ‘வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 3:17-இல் வரும் குருடன், தரித்திரன் எல்லாம் கிறிஸ்துவை அறியாதவர்கள், ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு வஞ்சகம் அண்டாது’ என்று எழுதியிருக்கிறார். மன்னிக்கணும் அண்ணா, அது தவறு. மூன்று வசனம் முன்னால் போய் 14-ஐப் பாருங்கள்: கடிதம் லவோதிக்கேயா என்ற ஊரின் சபைக்கே, அதாவது ஏற்கெனவே விசுவாசித்தவர்களுக்கே எழுதியது. ‘வாசற்படியில் நின்று தட்டுகிறேன்’ என்ற 20-ஆம் வசனமும் அதே சபைக்குத்தான். சுவிசேஷக் கூட்டங்களில் புதியவர்களைப் பார்த்து அதைச் சொல்லிச் சொல்லியே நமக்கு இது மறந்துவிட்டது.

இன்றைய துருக்கியில் இருந்த அந்த ஊர் எப்படிப்பட்டது தெரியுமா? கறுப்பு ஆட்டுமயிர் வியாபாரத்தில் கொழுத்த ஊர். கி.பி. 60-இல் பூகம்பத்தில் இடிந்தபோது, ரோமிடம் காசு வாங்காமல் தானே எழும்பியது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ‘எனக்கு ஒரு குறைவுமில்லை’ என்ற பேச்சு அங்கே சபைக்குள்ளும் வந்துவிட்டது.

2016-இல் நம் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஒரு போதகர் சபையார் முகத்தில் பூச்சிமருந்து அடித்ததைப் பார்த்து, இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாம் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டோம். சரிதான். ஆனால் யாக்கோபு 1:22 சொல்வது வேறு வகை: வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன் தன்னையே வஞ்சிக்கிறான். அதற்குக் கள்ளப் போதகர் யாரும் வேண்டாம். 1 யோவான் 1:8-ஐயும் ஒருமுறை பாருங்கள் அண்ணா: ‘நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்’. தன்னையும் சேர்த்து ‘நமக்கு’ என்றுதான் யோவான் எழுதியிருக்கிறார்.